'பாலிஸ்டிக்' என்ற சொல்லில் வழுக்கி விழாமல் இருக்க: புதிதாக மொழிபெயர்க்க வருபவர்களுக்கு

சப்டைட்டில் வேலைக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு குடும்பத் தொடர் கிடைத்தது. மதிப்பெண் குறைந்ததை அப்பா கண்டுபிடித்த கதையை மகள் தோழியிடம் சொல்கிறாள்: 'டேட் வென்ட் பாலிஸ்டிக்.' பாலிஸ்டிக் என்றால் ஏவுகணை. அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். 'அப்பா ஏவுகணை மாதிரிப் பாய்ந்தார்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் சரிபார்த்தவரின் குறிப்பு, இரண்டே சொல்: 'எங்கே பாய்ந்தார்?' மகள் சொன்னது அப்பாவுக்கு வந்த கட்டுக்கடங்காத கோபத்தை.

அதோடு பாடம் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. சில மாதம் கழித்து ஒரு முதுகுப்பை விளம்பரக் கையேட்டில் 'பாலிஸ்டிக் நைலான்' வந்தது. இந்த முறை அகராதியைப் பார்த்தேன்; தவறான இடத்தில் பார்த்தேன். 'குண்டு துளைக்காத நைலான்' என்று பன்னிரண்டு இடங்களில் எழுதினேன். முந்தையது சிரிப்போடு போயிற்று. இது சிரிப்போடு போகவில்லை. அதன் செலவைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் சொல் தனியாக நிற்கும்போது அதற்கு உறுதியான பொருள் கிடையாது. பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறதோ அதுதான் பொருளை முடிவு செய்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தப் பக்கத்துச் சொல்லைப் பிடிப்பதற்கான வழிகள்தான்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முழு வாக்கியம் வேண்டும். முடிந்தால் அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு வாக்கியம். சில நிறுவனங்கள் எக்ஸெல் கட்டத்தில் ஒரு சொல்லை மட்டும் போட்டு அனுப்பும். அப்படி வந்தால் சொல்லுக்கு நேராக எதையும் எழுதாதீர்கள். 'இது எங்கே வருகிறது?' என்று கேட்டு மடல் போடுங்கள். கேட்பதால் யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை. நான் கேட்காமல் விட்டதற்குத்தான் குறைத்து மதிப்பிடப்பட்டேன்.

இரண்டு ஆங்கில அகராதிகள் வேண்டும். ஒன்று கற்பவர்களுக்கானது: கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ். மற்றொன்று பொது அகராதி: மெரியம் வெப்ஸ்டர் போதும். மூன்றையும் இணையத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். ஆங்கிலம்–தமிழ் அகராதியை இந்தச் சொல்லுக்கு முதலில் திறக்காதீர்கள். 'எறிபடை சார்ந்த' என்பது போல ஒற்றை வரியில் ஏதாவது இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் மனம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

வேலை கொடுத்தவரிடம் சொற்பட்டியல் இருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏவுகணைச் செய்திகளில் சில இடங்களில் 'பாலிஸ்டிக்' என்றே எழுதச் சொல்வார்கள், சில இடங்களில் தூய தமிழ் வேண்டும் என்பார்கள். இது உங்கள் ரசனைக்கு விடப்பட்ட விஷயம் அன்று.

2. இடப்பக்கம் பாருங்கள், பிறகு வலப்பக்கம்

சாலையைக் கடப்பது போலத்தான். சொல்லுக்கு இடப்பக்கம் 'கோ' என்ற வினையோ அதன் பிள்ளைகளான 'கோஸ், வென்ட், கான், கோயிங்' ஆகியவற்றில் ஒன்றோ இருக்கிறதா? வலப்பக்கம் பெயர்ச்சொல் எதுவும் ஒட்டாமல் வெறுமையாக இருக்கிறதா? இரண்டும் இருந்தால் பெரும்பாலும் கோபம். நேராக ஆறாம் படிக்குப் போய்விடலாம். 'சென்ட் ஹிம் பாலிஸ்டிக்' என்று பிறவினையாகவும் வரும். 'அது அவரைக் கொதிக்க வைத்துவிட்டது' என்ற பொருள்.

வலப்பக்கம் மிஸைல், ட்ராஜெக்டரி, வெஸ்ட், ரிப்போர்ட், நைலான் என்று ஏதாவது ஒரு பெயர்ச்சொல் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே கோபத்துக்கு இடமில்லை. 'எ பாலிஸ்டிக் மேன்' என்று சொல்லி யாரும் கோபக்காரரைக் குறிப்பதில்லை.

சொல்லின் வாலில் 'ஸ்' ஒட்டியிருந்தால், அதாவது 'பாலிஸ்டிக்ஸ்' என்று இருந்தால், அது பெயரடையே இல்லை. ஒரு துறையின் பெயர். பன்மை போலத் தெரிந்தாலும், துறையைக் குறிக்கும்போது ஃபிஸிக்ஸ், மேத்தமேடிக்ஸ் போல ஒருமை வினைதான் வரும்.

3. எறிந்த கல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

அறிவியல் பொருளை ஒருமுறை சரியாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு கல்லை எறிகிறீர்கள். கையை விட்டுப் போகும்வரை விசை உங்களுடையது. போன பிறகு அதை நடத்துவது புவியீர்ப்பும் காற்றின் தடையும்தான். உங்களால் எதுவும் செய்ய முடியாது. அந்த 'விட்ட பிறகு' பகுதியைத்தான் பாலிஸ்டிக் என்கிறார்கள். எறிதலைக் குறிக்கும் கிரேக்க வேர்ச்சொல்லிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். வரலாறு இவ்வளவு போதும்.

தமிழ்வழியில் பதினோராம் வகுப்பு இயற்பியல் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன்: எறிபொருளின் இயக்கம். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் பாதை பரவளையம், தரையிலிருந்து 45 பாகையில் எறிந்தால் அதிகபட்சத் தூரம் என்றெல்லாம் மனப்பாடம் செய்திருப்போம். ஆகவே 'பாலிஸ்டிக் ட்ராஜெக்டரி' வந்தால் 'எறிபொருள் பாதை' அல்லது 'எறிபாதை' என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் 'பரவளையப் பாதை' என்று எழுதிவிடாதீர்கள். துப்பாக்கித் தோட்டாவின் பாதையைக் காற்று நன்றாகவே வளைத்துக் குறுக்கிவிடும். அது பாலிஸ்டிக்தான், பரவளையம் ஆகாது.

4. ஏவுகணைச் செய்தி வந்தால்

இந்தப் படியில் நிதானமாகப் போங்கள். செய்தி மொழிபெயர்ப்பில் அடிவாங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் குழி: பாலிஸ்டிக் ஏவுகணையை 'வழிகாட்டல் இல்லாத ஏவுகணை' என்று நினைப்பது. எறிந்த கல் உவமையை அளவுக்கு மீறி நம்பினால் இப்படி ஆகும். பாலிஸ்டிக் ஏவுகணையில் முதல் சில நிமிடங்கள் எஞ்சின் எரியும், வழிகாட்டும் கருவிகளும் வேலை செய்யும். எஞ்சின் அணைந்த பிறகுதான் எறிந்த கல்லின் நிலை. கண்டம் விட்டுக் கண்டம் பாய்வதில் அந்த எரியும் கட்டம் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து நிமிடம். மொத்தப் பயணம் அரை மணி நேரத்தை ஒட்டி வரும். வழிகாட்டலே இல்லாதவை வேறு வகை. அவற்றைச் சாதாரண ராக்கெட் என்பார்கள்.

இரண்டாவது குழி: க்ரூஸ் ஏவுகணையோடு குழப்புவது. க்ரூஸ் வகையில் இலக்கைத் தொடும்வரை எஞ்சின் ஓடும். விமானம் போல, பெரும்பாலும் தாழ்வாகப் பறக்கும். ஸ்கட், அக்னி ஆகியவை பாலிஸ்டிக். டோமஹாக், பிரம்மோஸ் ஆகியவை க்ரூஸ். இரண்டு வகையும் ஒரே வாக்கியத்தில் வரும் செய்திகள் நிறைய. இரண்டையும் 'ஏவுகணை' என்று ஒரே சொல்லில் முடித்தால் செய்தியின் சாரமே போய்விடும்.

மூன்றாவது: பாலிஸ்டிக் என்று பார்த்ததுமே 'கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை' என்று எழுதிவிடுவது. கேட்க எடுப்பாக இருக்கிறது என்பதற்காகவே சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயர் 5,500 கிலோமீட்டருக்கு மேல் செல்பவற்றுக்கு மட்டும். 1,000 கிலோமீட்டருக்குள் இருந்தால் குறுந்தூரம். 1,000 முதல் 3,000 வரை ஒரு வகை, 3,000 முதல் 5,500 வரை இன்னொரு வகை. ஆங்கிலத்தில் இவற்றுக்கு மீடியம், இன்டர்மீடியட் என்று இரண்டு பெயர். தமிழில் இரண்டுமே 'நடுத்தரத் தூரம்' ஆகிவிடுகின்றன. பெயரோடு மல்லுக்கட்டாமல் கிலோமீட்டரைப் போட்டுவிடுங்கள். வாசகருக்கு அதுதான் உதவும்.

நான்காவது குழி நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. 'எறிகணை' என்ற சொல் அழகாக இருக்கிறதே, பாலிஸ்டிக் ஏவுகணைக்கு அதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஈழத்தமிழில் எறிகணை என்றால் ஷெல், பீரங்கியிலிருந்தோ மோட்டார் எனப்படும் சிறு பீரங்கியிலிருந்தோ வந்து விழும் குண்டு. அந்தச் சொல்லை அந்தப் பொருளில் வாழ்ந்து அறிந்த வாசகர்கள் ஏராளம். அவர்களிடம் போய் அதே சொல்லால் ஆயிரம் கிலோமீட்டர் போகும் ஏவுகணையைக் குறித்தால் தவறான படம் எழும். அழகு கிடக்கட்டும், 'பாலிஸ்டிக் ஏவுகணை' என்றே எழுதுங்கள். நாளிதழ் வாசகர்களுக்கு அது பழகிவிட்டது.

கூட்டுச்சொற்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 'ஆன்டி-பாலிஸ்டிக் மிஸைல்' என்பதில் 'ஆன்டி' பாலிஸ்டிக்கை மட்டும் எதிர்க்கவில்லை. 'பாலிஸ்டிக் மிஸைல்' என்ற மொத்தத்தையும் எதிர்க்கிறது. 'பாலிஸ்டிக் ஏவுகணையை இடைமறிக்கும் ஏவுகணை' என்று விரித்துவிடுங்கள். 1972-இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பெயரில் வருவது இந்தத் தொடர்தான். 'பாலிஸ்டிக் மிஸைல் சப்மரீன்' என்பதும் அப்படித்தான்: பாலிஸ்டிக் ஏவுகணைகளைச் சுமக்கும் நீர்மூழ்கிக் கப்பல்.

5. துப்பாக்கி, கவச உடை, பை

குற்றச் செய்திகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் 'பாலிஸ்டிக் ரிப்போர்ட்', 'பாலிஸ்டிக் எக்ஸ்பர்ட்' வரும். இங்கே ஏவுகணை வந்தால் கேலிக்கூத்து. துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தடயவியல் ஆய்வு இது. துப்பாக்கிக் குழலின் உட்புறச் சுருள் வரிகள் தோட்டாவின் மேல் கீறல்களைப் பதிக்கும். அவற்றை வைத்து, இந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்ததா என்று ஆராய்கிறார்கள். 'துப்பாக்கி–தோட்டா ஆய்வறிக்கை' என்றால் யாருக்கும் புரியும். இதற்குத் தமிழில் ஒரே கலைச்சொல் நிலைபெறவில்லை. ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்கள். ஒரு ஆவணத்துக்குள் நீங்கள் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

'பாலிஸ்டிக் வெஸ்ட்', 'பாலிஸ்டிக் ஹெல்மெட்', 'பாலிஸ்டிக் கிளாஸ்' ஆகியவற்றில் பொருள் அப்படியே திரும்பிக்கொள்கிறது. எறியப்படும் பொருள் என்பது போய், எறியப்பட்டு வருவதைத் தாங்கும் பொருள் என்றாகிறது. பேச்சு வழக்கில் 'குண்டு துளைக்காத' என்கிறோம். செய்திக்கு அது போதும். ஆனால் பொருளின் தொழில்நுட்பக் கையேடு என்றால் 'குண்டைத் தடுக்கும்', 'குண்டைத் தாங்கும்' என்று எழுதுங்கள். எந்தக் கவசமும் எல்லாத் தோட்டாவையும் தடுப்பதில்லை. இன்ன வகைத் தோட்டாவை இன்ன வேகத்தில் தடுக்கும் என்றுதான் சோதித்துச் சான்றளிக்கிறார்கள். 'துளைக்காத' என்று எழுதினால் தயாரித்தவரே கொடுக்காத உறுதியை நீங்கள் கொடுத்ததாகிவிடும்.

நான் மாட்டிக்கொண்ட நைலானுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிதறும் குண்டுத் துணுக்குகளைத் தாங்கும் மேலங்கிகளுக்காக உருவான தடித்த நெசவு அது. பெயர் ஒட்டிக்கொண்டது, பயன் மாறிவிட்டது. இன்று பை, பெட்டி, காலணிக்குப் போகிறது. உராய்வையும் கிழிசலையும் தாங்கும். தோட்டாவைத் தாங்கும் என்று எந்தப் பை வியாபாரியும் சொல்வதில்லை. ஆகவே 'பாலிஸ்டிக் நைலான்' என்று அப்படியே எழுதி, தேவைப்பட்டால் 'எளிதில் கிழியாத தடித்த நெசவு நைலான்' என்று ஒருமுறை விளக்கினால் போதும். பெயரை மொழிபெயர்க்கப் போய்த்தான் நான் ஒரு பொய் வாக்குறுதியை அச்சுக்கு அனுப்பினேன்.

6. கோபம் வந்தால்

'கோ பாலிஸ்டிக்' என்பது பேச்சு வழக்கு. திடீரென்று, கட்டுப்பாடு இல்லாமல், வெளியே தெரியும்படி கோபப்படுவது. இந்த மூன்றும் முக்கியம். உள்ளுக்குள் புழுங்குபவரை இப்படிச் சொல்லமாட்டார்கள். நாள்கணக்கில் முகம் கொடுக்காமல் இருப்பவரையும் சொல்லமாட்டார்கள். 'வருத்தப்பட்டார்', 'சிடுசிடுத்தார்', 'டென்ஷன் ஆனார்' எல்லாம் இதற்குப் போதாது.

எறிந்த கல் உவமை இங்கேயும் கை கொடுக்கிறது. 'கையை விட்ட கல்லும் வாயை விட்ட சொல்லும் திரும்பாது' என்று நம் வீட்டில் சொல்வார்களே, அந்தத் திரும்பாத நிலைதான் இந்தக் கோபம். ஆங்கிலத்தில் அந்த ஒப்புமை இப்போது செத்துவிட்டது; சொல்பவர் மனதில் ஏவுகணை இருப்பதில்லை. அதனால்தான் தமிழில் ஏவுகணையைக் கொண்டுவரக் கூடாது.

பதிலுக்கு என்ன எழுதலாம்? யார் பேசுகிறார், யாரைப் பற்றி என்பதைப் பொறுத்தது. நான் கையாளும் சொற்களும் அவற்றில் நான் பட்ட சங்கடங்களும்:

'கொதித்துப்போனார்', 'கொதித்தெழுந்தார்': எங்கும் பொருந்தும். செய்திக்கும் கதைக்கும் சரி. ஆனால் 'கொதித்தெழுந்தார்' என்பதில் கொஞ்சம் நியாய வாடை இருக்கிறது. அநீதியைக் கண்டு எழுவது போல. மதிப்பெண் குறைந்ததற்கு மகளைத் திட்டும் அப்பா 'கொதித்தெழுந்தார்' என்றால் அவரைப் போராளி ஆக்கியதாகிவிடும்.

'வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்': பொருளில் கச்சிதம். பார்ப்பவருக்கு அந்தக் கோபம் சற்று மிகையாகத் தோன்றுகிறது என்பதும் அதில் வந்துவிடும், ஆங்கிலத்திலும் அப்படித்தான். சப்டைட்டிலில் மட்டும் சிக்கல். வரி நீளக் கட்டுப்பாட்டுக்குள் அடங்காது.

'சாமியாடிட்டார்': பேச்சில் பிரமாதம். ஆனால் பனிப்பிரதேசத்து அலுவலகத்தில் கோட்டு போட்ட மேலாளர் சாமியாடினால் படம் பார்ப்பவர் ஒரு நொடி கதையை விட்டு வெளியே வந்துவிடுகிறார். எனக்கு இது ஒவ்வுவதில்லை. தாராளமாக எழுதும் நண்பர்களும் இருக்கிறார்கள். 'ருத்ரதாண்டவம்' ஆடுவதற்கும் இதே ஆட்சேபம்.

'எகிறிட்டார்', 'எகிறிக் குதித்தார்': சப்டைட்டிலுக்கு என் முதல் தேர்வு. சின்னச் சொல், பேச்சு வழக்கு, திடீர்த்தன்மையும் உண்டு.

'மேல பாய்ந்தார்': என் பழைய தவறில் பாதி சரி என்பது இதை யோசித்தபோதுதான் தெரிந்தது. 'அப்பா என் மேல பாய்ஞ்சுட்டார்' என்று எழுதியிருந்தால் யாரும் 'எங்கே' என்று கேட்டிருக்கமாட்டார்கள். ஏவுகணையை இழுத்து வந்ததுதான் கெடுத்தது.

செய்யக் கூடாத ஒன்று: அடியைச் சேர்க்காதீர்கள். 'வென்ட் பாலிஸ்டிக்' என்பது கத்தியதைச் சொல்கிறது, கை நீட்டியதைச் சொல்லவில்லை. 'அடித்து நொறுக்கினார்', 'துவம்சம் செய்தார்' என்று எழுதினால் கூடுதலாக ஒரு குற்றம் சாட்டுகிறீர்கள். கதையில் அது வெறும் பிழை. அலுவலகப் புகார் மடலிலோ வாக்குமூலத்திலோ அதன் விளைவை வேறு யாரோ அனுபவிப்பார்கள். அப்படிப்பட்ட ஆவணங்களில் 'கட்டுப்பாடின்றிக் கோபப்பட்டார்' என்று உப்புச்சப்பில்லாமல் எழுதுவதே நல்லது.

7. கோபமே இல்லாத 'கோ பாலிஸ்டிக்'

இடப்பக்கம் 'கோ' இருந்தால் பெரும்பாலும் கோபம் என்றேன். 'பெரும்பாலும்' என்று சொன்னதற்குக் காரணம் இது. விலை, விற்பனை, எண்ணிக்கை ஆகியவை எழுவாயாக வந்தால் 'தாறுமாறாக ஏறியது' என்ற பொருள் வரும். ரசிகர் கூட்டம் எழுவாயாகி, கோல் விழுந்த தருணமோ பாட்டுத் தொடங்கிய தருணமோ என்றால் ஆரவாரம். 'அரங்கமே அதிர்ந்தது', 'துள்ளிக் குதித்தார்கள்' என்று போகலாம். எழுவாய் மனிதரா, எண்ணா, கூட்டமா என்று பாருங்கள். கூட்டம் என்றால் மட்டும் முந்தைய வாக்கியத்தையும் படியுங்கள், கோபப்பட்ட கூட்டமாகவும் இருக்கலாம்.

நம் 'எகிறு' இங்கேயும் வேலை செய்வதைக் கவனித்தீர்களா? அவரும் எகிறினார், விலையும் எகிறியது. தலைப்பில் சிலேடை வரும்போது இது பெரிய உதவி. ஏவுகணைச் சோதனையைப் பற்றிய ஆங்கிலத் தலைப்புகளில் இரண்டு பொருளும் ஒட்டி வரும்படி 'கோஸ் பாலிஸ்டிக்' என்று விளையாடுவார்கள். அதற்கு 'சீறு' இருக்கிறது. ராக்கெட் சீறிப் பாய்கிறது, தலைவரும் சீறுகிறார். சிலேடையை விட்டுக்கொடுக்காமல் தமிழில் எழுத முடிகிற அபூர்வ இடம் அது. எனக்கு இதுவரை இரண்டு முறைதான் வாய்த்தது.

8. நீங்களே ஆங்கிலத்தில் எழுதும்போது

சுருக்கமாகச் சில. 'கோ' வினையோடு மட்டும் எழுதுங்கள். 'பிகேம் பாலிஸ்டிக்', 'காட் பாலிஸ்டிக்' என்பவை காதில் இடறும். 'வெரி பாலிஸ்டிக்', 'மோர் பாலிஸ்டிக்' என்று அளவு கூட்டாதீர்கள்; ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொல். 'அப்சொல்யூட்லி' சேர்ப்பது வழக்கத்தில் உண்டு. கோபத்தின் காரணத்துக்கு 'ஓவர்' அல்லது 'அபவுட்', ஆளுக்கு 'அட்'. 'ஆன்' என்றும் ஆளைக் குறித்து எழுதுவோர் உண்டு. காரணம் ஒரு நிகழ்ச்சி என்றால் 'வென்' போட்டு வாக்கியத்தைத் தொடருங்கள், அதுதான் எளிது.

அலுவலக மடலில் மேலதிகாரியைப் பற்றி இதை எழுதாதீர்கள். நண்பருக்கு அனுப்பும் செய்தியில் எழுதலாம். வேலை விண்ணப்பம், புகார் மனு, ஆய்வுக் கட்டுரை எதிலும் கோபப் பொருளுக்கு இடமில்லை. அறிவியல் பொருள் எங்கும் வரலாம்.

உச்சரிப்பில் அழுத்தம் நடு அசையில்: ப-லிஸ்-டிக். முதல் அசையை நெடிலாக இழுத்து 'பால்' என்று தொடங்குவது நம் எழுத்துவழக்கம் தந்த பழக்கம். 'பஸ்' என்னும்போது முதலெழுத்து எப்படி ஒலிக்கிறதோ அப்படித் தொடங்கி, அந்த அசையை விழுங்கினாற்போல் கடந்துவிடுங்கள். ஆங்கில எழுத்தில் 'எல்' இரண்டு, 'எஸ்' ஒன்று. கப்பலின் அடிப்பாரத்தைக் குறிக்கும் 'பேலஸ்ட்' வேறு சொல். தட்டச்சில் ஒன்று மற்றொன்றாக மாறினாலும் பிழைதிருத்தி கண்டுபிடிக்காது.

9. எப்போதாவது எதிர்ப்படும் உறவினர்கள்

உடற்பயிற்சிக் குறிப்பில் 'பாலிஸ்டிக் ஸ்ட்ரெச்சிங்' வந்தால், உடலைத் துள்ளலோடு உந்தித் தசையை நீட்டுவது. சிறு விமானங்களில் 'பாலிஸ்டிக் பாராசூட்' என்றால், ஆபத்தில் ராக்கெட் விசையால் வெளியே இழுத்து விரிக்கப்படும் பாராசூட். மின்னணுவியலில் 'பாலிஸ்டிக் கண்டக்‌ஷன்' என்றால் எலக்ட்ரான் வழியில் எதிலும் மோதிச் சிதறாமல் நேராகக் கடந்துபோவது. இயற்பியல் ஆய்வகத்தின் 'பாலிஸ்டிக் கால்வனோமீட்டர்' நொடிப்பொழுதில் பாயும் மின்னூட்டத்தை, சுருளின் முதல் வீச்சை வைத்து அளக்கும் கருவி. பார்வையியலில் கண்ணின் வேகத் தாவலைப் பாலிஸ்டிக் என்பார்கள். தொடங்கிவிட்டால் நடுவில் திருத்த முடியாது என்பதால். எல்லாவற்றிலும் அந்த 'விட்ட பிறகு' ஒளிந்திருக்கிறது. தேடிப் பிடித்துவிட்டால் தமிழ் விளக்கம் தானாக வந்துவிடும்.

10. நேரமும் செலவும்

இந்த ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு நிமிடம் பக்கத்துச் சொல்லைப் பார்க்க, ஐந்து நிமிடம் இரண்டு அகராதிகளில். கற்பவர் அகராதியில் கோபப் பொருள் தனி மரபுத்தொடராகக் கீழே இருக்கும். மேலே உள்ள முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள். நான் பையில் மாட்டியது அப்படித்தான்: கவச உடைக்கான பொருளைப் பார்த்ததும் பக்கத்தை மூடினேன், 'பாலிஸ்டிக் நைலான்' என்று முழுத்தொடராகத் தேடவே இல்லை. மீதி மூன்று நிமிடம், எழுதிய தமிழ் வரியை ஆங்கிலத்தைப் பார்க்காமல் உரக்கப் படிக்க. ஒரு தொடரின் அத்தனை அத்தியாயங்களும் உங்களிடம் இருந்தால் முதல் அத்தியாயத்திலேயே முடிவெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முறைக்கும் பத்து நொடி.

அகராதிகளுக்குச் செலவில்லை என்று முன்பே சொன்னேன். செலவு பிழையில்தான். சப்டைட்டில் பிழையைத் திருத்த எனக்கு ஆனது ஐந்து நிமிடமும் கொஞ்சம் வெட்கமும். முதுகுப்பைக் கையேட்டில் பன்னிரண்டு இடத்தையும் திருத்தி, பக்க அமைப்பு மாறியதால் மறுபடி மெய்ப்பு பார்த்து, இரண்டு முழு நாள் போயிற்று. அதற்குக் கூலி கிடையாது. உங்கள் பிழையை நீங்களே இலவசமாகத் திருத்த வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. கையெழுத்துப் போடும்போது நான் அந்த வரியைப் படிக்கவில்லை. நீங்கள் படியுங்கள். எத்தனை முறை இலவசத் திருத்தம், எத்தனை நாளுக்குள் என்று அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் கோப்போடு ஒரு குறிப்பு வைத்து அனுப்பலாம்: 'இந்த வரியில் கோபம் என்று கொண்டிருக்கிறேன், விலையேற்றம் என்றால் இன்ன வரியை வைத்துக்கொள்ளவும்' என்று இரண்டு வடிவமும் எழுதிக் கொடுங்கள். என்னைத் திருப்பி அனுப்பிய அதே சரிபார்ப்பவர் அப்படி வந்த கோப்புகளை ஒருமுறைகூடத் திருப்பி அனுப்பியதில்லை.